எடுக்கும்போது தனிநபர், கொடுக்கும்போது குடும்பம்

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவருக்கு ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் சம்பளம். மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பு, இளையவன் நான்காம் வகுப்பு. மாமனார், மாமியாரும் உடன் இருக்கிறார்கள். பெரியவர்களையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் அவர் வேலையை விட்டுவிட்டார். எதிர்வீட்டில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், ஆளுக்கு 12 லட்சம். அவர்களுக்கு வருமான வரி ஒரு ரூபாய்கூட இல்லை. இவர்களுக்கோ ஒன்றரை லட்சம். "இது நியாயமா? நாங்கள் அரசிடம் எதைக் கேட்க வேண்டும்?" என்பது அவருடைய கேள்வி.

இல்லை, இது நியாயமில்லை. ஆனால் அநியாயம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சரியாகப் பிடிக்காவிட்டால், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவோம். பெங்களூரில் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு வரிக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அந்தப் பழக்கத்தில் முதலில் கணக்கையே போட்டுவிடுகிறேன்.

வரி கணக்கிட இரண்டு முறைகள் உண்டு: கழிவுகள் பல உள்ள பழைய முறை, கழிவுகள் குறைந்து விகிதமும் குறைந்த புதிய முறை. 2025-26 நிதியாண்டுக்கான புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஏறி, 24 லட்சத்தைத் தாண்டியதும் 30 சதவீதம். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவின் கீழ் முழு வரியும் தள்ளுபடி. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் (ரசீது எதுவும் கேட்காமல் சம்பளத்தில் கழிக்கும் தொகை) உண்டு என்பதால், 12.75 லட்சம் சம்பளம் வரை வரி கிடையாது. உங்கள் வீட்டில் 18 லட்சத்தில் நிலைக்கழிவு போக 17.25 லட்சம். வரி 1,45,000. அதன்மேல் 4 சதவீத சுகாதார, கல்வித் தீர்வை (செஸ்) 5,800. ஆக மொத்தம் 1,50,800 ரூபாய். எதிர்வீட்டுக்கு வரும் பணம் உங்களைவிட 6 லட்சம் அதிகம், வரி பூஜ்யம். அவர்கள் எதையும் மறைக்கவில்லை, சட்டம் அப்படித்தான் இருக்கிறது. வருமானம் இரண்டு பெயர்களில் பிரிந்து வந்தால் இரண்டு தள்ளுபடி. ஒரே பெயரில் வந்தால் அந்த ஒன்றும் கிடையாது.

பழைய முறைக்கு மாறிப் பார்க்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அதையும் போட்டுப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 9 லட்சம், மாத வாடகை 30,000 என்று வைத்துக்கொள்வோம். வாடகைப் படிக்கான விலக்கு 2.7 லட்சம், 80சி-யில் (வைப்பு நிதி, வீட்டுக் கடன் அசல் போன்றவற்றுக்கான கழிவு) முழு 1.5 லட்சம், நிலைக்கழிவு 50,000, தொழில் வரி 2,500, பெற்றோருடையதையும் சேர்த்து மருத்துவக் காப்பீட்டுக்கு 75,000. இத்தனையும் கழித்த பிறகு 12,52,500 மிஞ்சுகிறது. அதற்கு வரி 1,95,780. ஆக, புதிய முறைதான் உங்களுக்கு 45,000 ரூபாய் அளவுக்கு மிச்சம். வாடகைப் படிக்கு சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் இருப்பவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் உச்சவரம்பு. பெங்களூருக்கு 1962-ஆம் ஆண்டு விதிகளில் 40 சதவீதம்தான் இருந்தது. இந்த ஊர் வாடகையை அறிந்தவர்கள் எல்லோருக்கும் அது நெடுநாள் மனக்குறை. ஆனால் உங்கள் கணக்கில் அதனால் மாற்றம் எதுவும் வராது.

வருமான வரிச் சட்டம் குடும்பத்தைப் பார்ப்பதில்லை, தனிநபரைத்தான் பார்க்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். வேண்டிய இடத்தில் சட்டம் குடும்பத்தை நன்றாகவே பார்க்கிறது. உங்கள் கணவர் 10 லட்சம் ரூபாயை உங்களுக்குக் கொடுத்து, அதை நீங்கள் வங்கியில் வைப்பாகப் போட்டால், வரும் வட்டி உங்கள் வருமானம் ஆகாது. வருமான வரிச் சட்டம் அதைக் கணவரின் வருமானத்தோடு சேர்த்துவிடும். உங்கள் மகள் பெயரில் வைப்பு இருந்தாலும் அப்படித்தான். அவள் மைனர் என்பதால் அந்த வட்டி பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் கணக்கில் ஏறும். பழைய முறையில் ஒரு குழந்தைக்கு 1,500 ரூபாய் மட்டும் விலக்கு. அதாவது, குழந்தைக்கு வருமானம் வந்தால் அது அப்பாவின் வருமானம். அதே குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினால் அது அப்பாவின் சொந்தச் செலவு, வரித்துறைக்குச் சம்பந்தம் இல்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். உதவி என்று வரும்போது அரசு கேட்பது குடும்ப வருமானத்தை. பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கான 10 சதவீத இட ஒதுக்கீட்டுக்குக் குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்தில், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. அதற்கும் குடும்ப வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக்கூடாது. இங்கே கணவன், மனைவி வருமானம் கூட்டப்படுகிறது. வரி வாங்கும்போது ஒவ்வொருவராக எண்ணுகிறவர்கள், கட்டணச் சலுகை கொடுக்கும்போது வீட்டையே ஒரே ஆளாக எண்ணுகிறார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். நடுத்தரக் குடும்பம் இரண்டு இடத்திலும் தனக்குப் பாதகமான அளவுகோலால் அளக்கப்படுகிறது.

இதில் ஐ.ஐ.டி. கட்டணத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2016-ல் பி.டெக். கல்விக் கட்டணத்தை ஆண்டுக்கு 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்த்தினார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் குறைவான குடும்பத்தினர் ஆகியோருக்கு முழு விலக்கு கொடுத்தார்கள். அது மிகச் சரி. 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. 5 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடியே இல்லை. இப்போது, குடும்ப வருமானம் 4.9 லட்சம் உள்ள ஒரு தையற்காரரின் மகன் ஆண்டுக்கு ஏறக்குறைய 66,700 ரூபாய் கட்டுகிறான். 5.1 லட்சம் உள்ள ஒரு வேன் ஓட்டுநரின் மகன் அதே வகுப்பில் 2 லட்சம் கட்டுகிறான். வருமானத்தில் வித்தியாசம் 20,000; கட்டணத்தில் வித்தியாசம் 1.33 லட்சம். நான்கு ஆண்டுக்குக் கணக்கிட்டால் 5.33 லட்சம், அதாவது அந்த வீட்டின் ஓராண்டு வருமானம் முழுவதும் போதாது. இதே வேன் ஓட்டுநரைப் பார்த்து, 12 லட்சம் வரை வரி கட்டும் சக்தி உங்களுக்கு இல்லை என்று ஒப்புக்கொள்வதும் இதே அரசுதான். ஒரு துறை ஏழை என்கிறது, இன்னொரு துறை வசதியானவர் என்கிறது. இரண்டும் ஒரே நிதியாண்டில், ஒரே மனிதரைப் பற்றி.

சலுகை படிப்படியாகக் குறைய வேண்டும், ஒரே இடத்தில் அறுந்து விழக்கூடாது. வரியில் இதை அவர்கள் செய்துதான் இருக்கிறார்கள். 12 லட்சத்தைச் சற்றே தாண்டினால், தாண்டிய தொகைக்குமேல் வரி போகாதபடி விளிம்பு நிவாரணம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் அட்டவணைப்படி 61,500 வர வேண்டும். நிவாரணத்தால் 10,000 கட்டினால் போதும். வரிச் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்த இந்த நியாயம், கல்விக் கட்டண விதி எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

இனி பள்ளிக்கூடம். பழைய முறையில் 80சி-யின் கீழ் இரண்டு குழந்தைகளின் டியூஷன் கட்டணத்தைக் கழிக்கலாம் என்பது பலருக்குத் தெரியும். டியூஷன் கட்டணம் மட்டும்தான் என்பது பலருக்குத் தெரியாது. வளர்ச்சி நிதி, நன்கொடை, பஸ் கட்டணம் எதுவும் சேராது. என்னிடம் வரும் ரசீதுகளில் அல்சூரைச் சேர்ந்த ஒரு வீட்டினுடையது நினைவிருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து நீளமாக ஒரு தாள். டியூஷன், டெர்ம் கட்டணம், ஆய்வகம், கணினி வகுப்பு, ஆண்டு விழா, பராமரிப்பு, வேன் என்று வரிசையாகத் தலைப்புகள். கீழே இருந்த மொத்தத்தில் டியூஷன் என்ற தலைப்பின் கீழ் இருந்தது பாதிக்கும் குறைவு. அந்தப் பாதியும் பயன்படவில்லை. அந்த அப்பாவின் வருங்கால வைப்பு நிதியும் வீட்டுக் கடன் அசலும் சேர்ந்தே ஒன்றரை லட்சத்தை நிரப்பிவிட்டன. அந்த ஒன்றரை லட்சம் என்ற வரம்பு 2014-ல் அருண் ஜெட்லி போட்டது. பிறகு ஒரு ரூபாய் ஏறவில்லை. பிள்ளைகளின் கல்விப் படி என்று சம்பளத்தில் விலக்களிக்கப்பட்ட தொகை, 1962 விதிகளின்படி ஒரு குழந்தைக்கு மாதம் 100 ரூபாயாக இருந்தது. விடுதியில் தங்கிப் படித்தால் மேலும் 300. இந்தப் பணத்துக்கு எந்த ஊரில் எந்த விடுதி இடம் தரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாடு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1955-ல் சி. டி. தேஷ்முக் நிதியமைச்சராக இருந்தபோது, மணமானவருக்கும் மணமாகாதவருக்கும் தனித்தனி வரிவிலக்கு வரம்பு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் குழந்தைகளும் கணக்கில் வந்தார்கள். 1958 வாக்கில் மணமானவருக்கு 3,000 ரூபாய், ஒரு குழந்தை இருந்தால் 3,300, இரண்டு இருந்தால் 3,600 என்று வரம்பு இருந்தது. 300 ரூபாய் அன்று பெரிய தொகை. இந்த வீட்டில் குழந்தை இருக்கிறது என்று வரிப் படிவம் ஒப்புக்கொண்ட காலம் அது. காலப்போக்கில் அந்த ஏற்பாடு போய்விட்டது. பிரான்சில் இன்றும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வருமானத்தை வகுத்துத்தான் வரி போடுகிறார்கள்.

அப்படியானால் கணவன், மனைவி சேர்ந்து ஒரே கணக்காகத் தாக்கல் செய்யும் முறையைக் கேட்கலாமா? பலர் கேட்கிறார்கள். உங்களுக்கு அது உடனடி லாபம்; ஆனாலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஜெர்மனியில் அந்த முறை நெடுங்காலமாக இருக்கிறது. மனைவி வேலைக்குப் போனால் அவருடைய முதல் ரூபாயிலிருந்தே கூடுதல் விகிதத்தில் வரி விழுவதால், பெண்களை வீட்டில் இருத்திவிடுகிறது என்ற விமர்சனமும் அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. இப்போதைய இந்திய முறையில், நாளை நீங்கள் மீண்டும் வேலைக்குப் போனால் உங்கள் 12.75 லட்சம் சம்பளம் வரை வரி இல்லை. அந்தக் கதவை மூட நான் சொல்லமாட்டேன். எதிர்வீட்டுக்காரர்கள்மீது உங்களுக்கு வருத்தம் வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் குழந்தைகள் காப்பகம், சமையலுக்கு ஆள், இரண்டு பேருடைய போக்குவரத்து என்று தனிச் செலவுகள் உண்டு. உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் அநியாயம் இல்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் வரிச் சட்டம் காணவில்லை என்பதுதான் அநியாயம்.

ஆகவே கேட்க வேண்டியது குழந்தைக்கான வரிக் கழிவு. அதை வருமானத்திலிருந்து கழிக்காமல், கட்ட வேண்டிய வரியிலிருந்து நேராகக் கழிக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். பழைய முறையில் 1 லட்சம் ரூபாய் கழிவு என்றால், 30 சதவீதத் தட்டில் இருப்பவருக்கு 31,200 ரூபாய் மிச்சம். 5 சதவீதத் தட்டில் இருப்பவருக்கு 5,200. வரியே கட்டாதவருக்கு ஒன்றுமில்லை. அதிகம் சம்பாதிப்பவருக்கு அதிக உதவி என்பது தலைகீழ் நியாயம். பழைய முறையை அப்படியே திரும்பக் கொடுங்கள், வரம்பை மட்டும் ஏற்றுங்கள் என்ற கோரிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுதான் காரணம். ஒரு குழந்தைக்கு இவ்வளவு என்று நிலையான தொகை, எல்லோருக்கும் ஒரே தொகை, வரியே இல்லாத வீட்டுக்கு அது வங்கிக் கணக்கில் வந்து சேர வேண்டும். அமெரிக்காவில் 1997-ல் சட்டமான குழந்தைக்கான வரிக் கழிவு இன்றும் இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை.

நடுத்தர வர்க்கம் என்று நாம் சொல்லிக்கொள்ளும்போது ஓர் அளவை மனத்தில் வைக்க வேண்டும். 2025-ல் தேசிய மாதிரி ஆய்வு கல்விச் செலவு பற்றி எடுத்த கணக்கெடுப்பில், அரசுப் பள்ளி மாணவருக்கு ஆண்டுச் சராசரிச் செலவு 2,863 ரூபாய். அரசு சாராப் பள்ளிகளில் 25,002. பெங்களூரில் ஒரு பிள்ளைக்கு ஒன்றரை லட்சம் கட்டுகிறோம் என்றால், நாட்டின் தனியார் பள்ளிச் சராசரியைப்போல ஆறு மடங்கு கட்டுகிறோம். அந்தக் கட்டணம் முழுவதையும் வரியில் கழித்துக்கொள்ள விடுங்கள் என்று கேட்டால், அரசுப் பள்ளியில் பிள்ளையை வைத்திருப்பவரின் பங்கிலிருந்து நமக்குக் கேட்கிறோம் என்று அர்த்தம். அதைக் கேட்கக்கூடாது.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு நேரான பதில் உண்டு. 2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கான அடிப்படை வரி 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2023-24-ல் தனிநபர்கள் கட்டிய நிகர வருமான வரி சுமார் 10.4 லட்சம் கோடி, நிறுவனங்கள் கட்டியது சுமார் 9.1 லட்சம் கோடி. பங்குகளை ஓராண்டுக்குமேல் வைத்திருந்து விற்று வரும் லாபத்துக்கு, அது எத்தனை கோடியானாலும், அடிப்படை விகிதம் 12.5 சதவீதம். உழைத்து வாங்கும் சம்பளத்துக்கு 24 லட்சத்துக்குமேல் 30. இந்த இடைவெளியைச் சற்றுக் குறைத்தாலே குழந்தைகளுக்குக் கொடுக்கப் பணம் இருக்கும்.

நீங்கள் கட்டும் அந்த 5,800 ரூபாய்த் தீர்வையையும் விடக்கூடாது. கல்வித் தீர்வை 2004-ல் 2 சதவீதமாகத் தொடங்கியது. 2007-ல் இடைநிலை, உயர்கல்விக்கு இன்னொரு 1 சதவீதம். 2018-ல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 சதவீதம். இடைநிலை, உயர்கல்விக்கென்று வசூலித்த தீர்வையில் 94,000 கோடி ரூபாய்க்கும் மேல் அதற்கென்று தனி நிதியத்துக்கு மாற்றப்படவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையே சொன்னது. மேலும், தீர்வை என்பதால் அது மாநிலங்களோடு பகிரப்பட வேண்டிய வரித்தொகுப்பில் சேராது. பள்ளிகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது மாநில அரசு; கல்வியின் பெயரால் வாங்கிய பணத்தில் அதற்கு உரிமைப்பங்கு இல்லை, மத்தியத் திட்டங்கள் வழியாக வந்தால்தான் உண்டு.

வரியில் எவ்வளவு கொடுத்தாலும் பள்ளிகள் அதை வாங்கிக்கொண்டுவிடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். எனக்கும் இருக்கிறது. பெங்களூரில் அது நியாயமான பயம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்க ஒரு குழு இருக்கிறது. மீறல்கள் உண்டு என்றாலும், முறையிட ஓர் இடம் இருக்கிறது. டெல்லி 2025-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. கர்நாடகத்தில் 1983 கல்விச் சட்டத்தின் கட்டணப் பிரிவுகள் உதவிபெறாத தனியார் பள்ளிகளுக்குச் செல்லாது என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ராஜஸ்தானின் கட்டணச் சட்டத்தை 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. பெற்றோரும் பள்ளியும் சேர்ந்து முடிவெடுக்கும் அந்த முறையைப் பின்பற்றி நன்றாக எழுதினால் கர்நாடகத்திலும் சட்டம் நிற்கும். பெங்களூரில் பெற்றோர் சங்கங்கள் சட்டமன்ற உறுப்பினர்களிடம் விடாமல் கேட்க வேண்டியது இதைத்தான்.

நம் பெற்றோர் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லாததற்குக் காரணம் உண்டு. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். என்று பொதுத்துறை ஆலைகளில் வேலைக்கு வந்த தமிழர்களுக்குக் குடியிருப்பும் அதற்குள்ளேயே பள்ளியும் இருந்தன. இன்று அதற்கு ஈடாக இருப்பது கேந்திரிய வித்யாலயா. எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணமே இல்லை, வளர்ச்சி நிதி மாதம் 500 ரூபாய். ஆனால் சேர்க்கை வரிசையில் மத்திய அரசு ஊழியர், மத்திய பொதுத்துறை, மாநில அரசு, மாநிலப் பொதுத்துறை எல்லோருக்கும் பிறகு ஐந்தாவதாகத்தான் தனியார் நிறுவன ஊழியரின் பிள்ளை வருகிறது. இடமாற்றம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை தேவை என்பது சரி. அந்த வரிசையின் கடைசியில் நிற்பவரும் இடம் பெறும் அளவுக்குப் பள்ளிகள் பெருகவில்லை என்பதுதான் குறை. கர்நாடக அரசு எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டு வரை ஒரே வளாகத்தில் நடத்தும் கர்நாடகப் பொதுப் பள்ளிகள் உங்கள் பகுதியில் இருந்தால், இளையவனுக்காக ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஆங்கிலப் பிரிவும் உண்டு.

உங்கள் மகளுக்கு இன்னும் சில மாதங்களில் பி.யு. கல்லூரியும் (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் பற்றி யோசிக்க வேண்டி வரும். பள்ளிக் கல்விக்கு ஜி.எஸ்.டி. கிடையாது; பயிற்சி மையத்துக்கு 18 சதவீதம் உண்டு. ஒன்றரை லட்சம் ரூபாய்ப் பயிற்சி என்றால் 27,000 ரூபாய் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பர் வரி பூஜ்யமானது. பயிற்சிக் கட்டணத்தில் கை வைக்கவில்லை. எனவே கல்லூரியும் பயிற்சியும் சேர்ந்த திட்டம் என்று சொன்னால், எவ்வளவு கல்லூரிக்கு, எவ்வளவு பயிற்சிக்கு என்று பிரித்து எழுதிய ரசீதைச் சேரும் முன்பே கேட்டு வாங்குங்கள். பிறகு அவள் உயர்கல்விக்குக் கடன் எடுத்தால், கட்டும் வட்டி முழுவதையும் எட்டு ஆண்டுகள் வரை உச்சவரம்பின்றிக் கழிக்கலாம். ஆனால் பழைய முறையில் மட்டும். அசலுக்குக் கழிவு இல்லை. அந்த ஆண்டுகளில் இரண்டு முறைகளிலும் புதிதாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். சம்பளக்காரர் ஒவ்வோர் ஆண்டும் முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவருக்கு அந்த வசதி இல்லை.